வெயிலுக்கு லேசான சமையலும் கிச்சன் விட்ச் பாக்ஸும்: யாராவது ட்ரை பண்ணிருக்கீங்களா?

எடிசன்_மீனா, ஜூலை 3

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு விஷயத்தை ஒரே திரெட்ல கேக்கறேன், எங்க வீட்ல இப்போ ரெண்டும் சேர்ந்துதான் ஓடிட்டு இருக்கு.

நியூஜெர்சி எடிசன்ல ரெண்டாவது மாடி அபார்ட்மென்ட். கிச்சன் ஜன்னல் மேற்க பாத்தது. ஜூலைல சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சு எட்டேகால் வரைக்கும் வெயில் அடுப்பு மேலயே நிக்கும், ஏசி காத்து அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்காது, ஒரு சாம்பார் ஒரு பொரியல் முடிக்கறதுக்குள்ள தலை சுத்திடுது. அதனால அடுப்பை காலைல ஒரு மணி நேரம் மட்டும்தான் பத்த வைக்கறது, அதுக்கப்புறம் தொடறதில்லைன்னு வச்சிருக்கேன். தயிர் சாதம், நீர்மோர், வெள்ளரிக்காய் பச்சடி, இந்த மூணையே மூணு வாரமா சுத்திட்டு இருக்கோம். வேற ஐடியா வேணும்.

இப்போ ரெண்டாவது. பொண்ணுக்கு 16 வயசு. ஸ்கூல்ல சேலம் பத்தி படிச்சதுலேர்ந்து (நம்ம சேலம் இல்ல, மாசசூசெட்ஸ்ல இருக்கற ஊர்) அவளுக்கு இந்த விட்ச், அதாவது சூனியக்காரி, விஷயத்துல ரொம்ப ஆர்வம், பிறந்தநாளுக்கு போன் கேக்கல டிரெஸ் கேக்கல, கிச்சன் விட்ச் பாக்ஸ்தான் கேட்டா. வருஷத்துக்கு எட்டு பண்டிகையாம், ஆறேழு வாரத்துக்கு ஒண்ணு வருமாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெட்டி தபால்ல வரும். ஷிப்பிங்கோட 45 டாலர். முதல் பெட்டி ஜூன்ல வந்தது, வருஷத்துலயே பகல் நீளமான நாளுக்கானது, அதுக்குப் பேரு லிதாவாம்.

திறந்து பாத்தப்போ எனக்கே பிடிச்சுப்போச்சு, பொய் சொல்ல மாட்டேன். கட்டைவிரல் உயரத்துல ஒரு தேன்மெழுகு மெழுகுவர்த்தி, மஞ்சளா ஒரு சிட்ரைன் கல்லு, சணல் கயித்துல கட்டின ரோஸ்மேரி, ஒரு சின்ன துணி மூட்டைல லாவண்டர், ஒரு டப்பால எலுமிச்சைத் தோல் கலந்த உப்பு, ஒரு பாக்கெட் மூலிகை டீ, அப்புறம் மூணு ரெசிபி கார்டு. ஒரு கார்டுல தக்காளி கோல்ட் சூப். ஒண்ணுல அந்த டீயை கண்ணாடி ஜாடில தண்ணியோட போட்டு நாள் பூரா வெயில்ல வைக்கச் சொல்லிருக்கு. மூணாவதுல பச்சைப் பூண்டையும் ரோஸ்மேரியையும் ஆலிவ் ஆயில்ல முழுகற மாதிரி போட்டு மூடி, சூரிய சக்தி இறங்கறதுக்கு ஜன்னல்ல வைக்கணும், அடுத்த பௌர்ணமி வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு.

அந்த எண்ணெயை ஜூன் 21 வச்சோம், இன்னையோட 12 நாள் ஆச்சு. பூண்டெல்லாம் லேசா பொன்னிறமா மாறி பாக்க அவ்வளவு அழகா இருக்கு. பௌர்ணமி வந்ததும் சாலட்ல ஊத்தலாம்னு பொண்ணு நாள் எண்ணிட்டு இருக்கா. ஊர்லேர்ந்து அம்மா அடுத்த வாரம் வர்றாங்க, அவங்களுக்கும் இந்த லேசான சாப்பாடுதான் ஒத்துக்கும்.

யாராவது இந்த மாதிரி பாக்ஸ் வாங்கிருக்கீங்களா? தொடரலாமா? வெயிலுக்கு என்ன சமைக்கறீங்க?

டல்லாஸ்_சாந்தி, ஜூலை 3

மீனா, இங்க டெக்சாஸ்ல வெயில் எப்படின்னு சொல்லவே வேண்டாம்ங்க, சாயங்காலம் ஆறு மணிக்கும் 100 டிகிரி நிக்குது, அதனால பாக்ஸ் பத்தி எனக்குத் தெரியாது, சாப்பாடு பத்தி மட்டும் சொல்றேன்.

இந்த சீசன்ல சுக்கினி (வெள்ளரி மாதிரி இருக்கற காய்) மலிவா கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க தோட்டத்துல காய்ச்சு கொண்டாந்து கொண்டாந்து குடுப்பாங்க. அதை வேக வைக்கவே வேண்டாம்ங்க. தோல் சீவற பீலராலயே நீள நீளமா ரிப்பன் மாதிரி சீவிக்கோங்க, நடுவுல விதைப் பக்கம் வந்ததும் நிறுத்திடுங்க, அது தண்ணி விடும். அரை மணி நேரம் ஊறின பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, தேங்காய்த்துருவல், பச்சைமிளகாய், எலுமிச்சம்பழம், மேல கடுகு பெருங்காயம் தாளிச்சுக் கொட்டினா கோசம்பரி. உப்பு மட்டும் தட்டுல போடற நேரத்துலதான் போடணும், முன்னாடியே போட்டீங்கன்னா பத்து நிமிஷத்துல கிண்ணத்துல குளம் கட்டிடும்.

அப்புறம் ஸ்வீட்கார்ன். நியூஜெர்சி சோளம் ஜூலை ஆகஸ்ட்ல சூப்பரா இருக்கும்னு எங்க நாத்தனார் சொல்லுவாங்க, அன்னைக்குப் பறிச்சதுன்னா பச்சையாவே சீவிப் போடலாம், பால் தெறிக்கும். சீவின சோளம், தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. அடுப்பே வேண்டாம்.

வெள்ளரிப் பச்சடி அலுத்துப்போச்சுன்னா பல்கேரியாக்காரங்க பண்ற தராதோர் பண்ணிப் பாருங்க, அதுவும் நம்ம பச்சடிதான், தண்ணி ஊத்தி சூப்பாக்கினது. தயிரை ஐஸ் தண்ணி விட்டு மோர் பதத்துக்குக் கொண்டாந்து, பொடியா நறுக்கின வெள்ளரி, நசுக்கின பூண்டு ஒரு பல், டில் கீரை, வால்நட் உடைச்சுப் போட்டு ஒரு மணி நேரம் ப்ரிட்ஜ்ல. என் பையன் டம்ளர்ல ஊத்திக் குடிப்பான்.

உங்க கார்டுல இருக்கற தக்காளி சூப், ஸ்பெயின்ல அண்டலூசியா பக்கத்து கஸ்பாச்சோதானே? அதுக்கு நல்லா பழுத்த தக்காளியை வெட்டி உப்பு பிசறி அரை மணி நேரம் வச்சுட்டு அப்புறம் அரைங்க, அந்த வர்ற தண்ணிலதான் ருசி. பழைய பிரெட் ஒரு துண்டு, வெள்ளரி, கொஞ்சம் வினிகர், எண்ணெய். ராத்திரி அரைச்சு வச்சா மறுநாள் மத்தியானம் இன்னும் நல்லா இருக்கும்.

மாத்திரை_டப்பா, ஜூலை 3

மீனா, சமையல் அப்புறம் பேசலாம். அந்த எண்ணெயை இப்பவே தூக்கிப் போடுங்க. ருசி பாக்காதீங்க, மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, பொண்ணுகிட்டயும் உடனே சொல்லுங்க.

நான் ஒஹாயோல பார்மசிஸ்ட். பூண்டு மண்ணுக்குள்ள விளையறது, மண்ணுல இருக்கற கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்ங்கற கிருமியோட ஸ்போர் (விதை மாதிரி) அதுல ஒட்டிட்டு வரும். சும்மா கூடைல கிடக்கற பூண்டுல அதால ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா அதுக்குக் காத்து ஆகாது. எண்ணெய்ல முழுகடிச்சா காத்து போயிடுச்சு, பூண்டுல புளிப்பு இல்ல, ஜன்னல்ல இளஞ்சூடு, பூண்டுக்குள்ளயே ஈரம். அது வளர என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் அந்தக் கார்டு ஒரே பாட்டில்ல சேத்து வச்சிருக்கு. அது உண்டாக்கற விஷத்துக்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது, நிறம் மாறாது. அழகா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதைப் படிச்சதும்தான் எனக்கு பக்குன்னு ஆச்சு.

இது சும்மா பயமுறுத்தற பேச்சு இல்ல. 1985ல கனடா வான்கூவர்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல எண்ணெய்ல ஊறின நறுக்குப் பூண்டால 36 பேருக்கு பொட்டுலிசம், அதாவது அந்த விஷத்தால வர்ற நோய், வந்தது. 1989ல நியூயார்க் கிங்ஸ்டன்ல மூணு பேர். அதுக்கப்புறம்தான் கடைல விக்கற பூண்டு எண்ணெய்ல ஆசிட் சேக்கணும்னு அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கட்டாயமாக்கினாங்க. வீட்ல பண்றவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பாட்டிலைத் திறக்காம ரெண்டு பிளாஸ்டிக் பைல போட்டுக் கட்டி வெளிக் குப்பைல போடுங்க. யாராவது ஏற்கனவே ஒரு ஸ்பூன் எடுத்திருந்தா சொல்லுங்க. கண்ணு ரெட்டையா தெரியறது, இமை தொங்கறது, விழுங்க முடியாம போறது, நாக்கு குழறறது, இதுல எது வந்தாலும் காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போகணும்.

அந்த வாசனை வேணும்னா அன்னைக்கே சூடா எண்ணெய்ல பூண்டு வதக்கி அன்னைக்கே ஊத்திக்கோங்க. மிஞ்சினா ப்ரிட்ஜ், அதிகபட்சம் நாலு நாள், இல்லன்னா ப்ரீசர்.

இன்னொண்ணு. அந்த டீ பாக்கெட்ல என்ன இருக்கு? பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருக்கும், அப்படியே டைப் பண்ணுங்க.

எடிசன்_மீனா, ஜூலை 3

கை நடுங்குது எனக்கு. தூக்கிப் போட்டாச்சு, ரெண்டு பை போட்டு டேப் ஒட்டி கீழ பெரிய டப்பால போட்டுட்டு வந்தேன். யாரும் தொடல, பௌர்ணமி வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு இருந்ததால பிழைச்சோம். பொண்ணு முதல்ல அழுதா, அப்புறம் நீங்க எழுதினதைப் படிச்சுட்டு உக்காந்துட்டா. இப்போ அவளே அந்த கம்பெனிக்கு மெயில் எழுதிட்டு இருக்கா, கார்டை எல்லாருக்கும் அனுப்பியிருப்பாங்களேன்னு.

டீ பாக்கெட்ல: புதினா, காலெண்டுலா பூ, லாவண்டர், மக்வொர்ட், செயின்ட் ஜான்ஸ் வோர்ட்.

பூண்டு ஊறுகாய் எங்கம்மா நல்லெண்ணெய்ல முழுக முழுகத்தானே போடுவாங்க? அது வருஷக்கணக்கா ஜாடில வெளியதானே இருக்கும்? அப்போ அதுவும் தப்பா?

மாத்திரை_டப்பா, ஜூலை 4

நல்ல கேள்வி, ஊறுகாயைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நம்ம ஊறுகாய்ல புளியோ எலுமிச்சைச் சாறோ நிறைய இருக்கு, உப்பு அள்ளிப் போடறோம், பூண்டை எண்ணெய்ல வதக்கி ஈரத்தைப் போக்கறோம். புளிப்பை அளக்கற பிஎச் 4.6க்குக் கீழ இருந்தா (குறையக் குறைய புளிப்பு அதிகம்) அந்தக் கிருமி வளராது, அந்த வேலையைப் புளிப்பு பண்ணிடுது. கார்டுல இருந்த எண்ணெய்ல புளிப்பும் இல்ல உப்பும் இல்ல, வித்தியாசம் அதுதான். அதனாலதான் புளியைக் குறைச்சு, உப்பைக் குறைச்சு ஹெல்தியா ஊறுகாய் போடறேன்னு யாராவது சொன்னா ப்ரிட்ஜ்ல வைங்கன்னு சொல்வேன்.

டீக்கு வருவோம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஐரோப்பாவுல ஜூன் 24, செயின்ட் ஜான் திருநாளை ஒட்டிப் பூக்கற மஞ்சள் பூ, அந்தத் திருநாள் பேர்தான் அதுக்கு, அதனால கோடை பாக்ஸ்ல போட்டிருக்காங்க, அந்த யோசனை அழகுதான். ஆனா அது லிவரை உசுப்பி விட்டு மத்த மருந்துகளை சீக்கிரமா வெளியேத்திடும். கர்ப்பத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற வார்ஃபரின், உறுப்பு மாத்தினவங்க சாப்பிடற சைக்ளோஸ்போரின் எல்லாம் சரியா வேலை செய்யாம போகலாம். மனச்சோர்வு மாத்திரையோட சேந்தா வேற விதமான ஆபத்து. மக்வொர்ட் நம்ம மரிக்கொழுந்தோட சொந்தக்காரச் செடி, வாசனைல கொஞ்சம் தெரியும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. உங்க அம்மா ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?

வெயில்ல வைக்கற சன் டீயும் வேண்டாம். வெயில்ல எவ்வளவு நேரம் வச்சாலும் தண்ணி 130 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டறது கஷ்டம், கிருமி சாக அது போதாது, பெருகத்தான் வசதி. அதே புதினா லாவண்டரை குளிர்ந்த தண்ணில போட்டு ராத்திரி பூரா ப்ரிட்ஜ்ல வைங்க. கசப்பு இல்லாம இன்னும் நல்லா இறங்கும்.

எடிசன்_மீனா, ஜூலை 4

அம்மாவுக்கு வால்வ் ஆபரேஷன் ஆகி ஆறு வருஷமா வார்ஃபரின் ஓடுது. அந்த டீயைத்தான் வந்ததும் ஐஸ் போட்டுக் குடுக்கலாம்னு நினைச்சிருந்தேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல, ரொம்ப நன்றி.

கும்பகோணம்_ராஜி, ஜூலை 5

நான் வேற விஷயம் சொல்ல வந்தேன், தப்பா எடுத்துக்காதீங்க மீனா. எங்க குடும்பத்துல பில்லி சூனியம்னு ஒருத்தர் சொன்னதை நம்பி எங்க பெரியப்பா நிலத்தை வித்து பரிகாரம் பண்ணி கடைசில ஒண்ணுமில்லாம போனாங்க. அதனால இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும். மெழுகுவர்த்தி, கல்லு, சக்தி இறங்குதுன்னு 16 வயசுப் பொண்ணு கைல குடுக்கறது சரியா?

எடிசன்_மீனா, ஜூலை 5

ராஜி அக்கா, தப்பாவே எடுத்துக்கல, எங்க மாமியாரும் வீடியோ கால்ல இதையேதான் கேட்டாங்க. எனக்கும் யோசனை இருந்தது. ஆனா பொண்ணு படிச்சு சொன்னது இது. 1692ல சேலம்ல விட்ச்னு குத்தம் சாட்டி 19 பேரைத் தூக்குல போட்டிருக்காங்க, ஒருத்தரை மேல பாறாங்கல் அடுக்கி அடுக்கியே கொன்னிருக்காங்க, சிலர் ஜெயில்லயே செத்திருக்காங்க. யாரும் சூனியம் வச்சவங்க இல்ல, பக்கத்து வீட்டுச் சண்டை, பயம், வதந்தி. எங்க பொண்ணு மனசுல விட்ச்னா அப்படி அநியாயமா மாட்டிக்கிட்ட பொம்பளைங்கதான். யாருக்கோ கெடுதல் வைக்கறதுங்கற நினைப்பே அவகிட்ட இல்ல. இந்த பாக்ஸ்ல வர்றதும் செடி, பருவம், சமையல்தான். உங்க பெரியப்பாவை ஏமாத்தின மாதிரி ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, யாராவது பரிகாரம்னு தனியா காசு கேட்டா அன்னைக்கே நிறுத்திடுவேன், இதை அவகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

ஹரோ_வடிவு, ஜூலை 6

வணக்கம் மீனா. நான் லண்டன் ஹரோவில இருக்கிறன், போன வருசம் உப்பிடி ஒரு பெட்டி நானே எனக்கெண்டு எடுத்தனான், நாலு பெட்டி வந்தது. முதலாவது நல்ல வடிவு. ரெண்டாவதும் பரவாயில்லை. மூண்டாவதில இருந்து அதே மெழுகுதிரி, அதே கல்லு, சுத்தின பேப்பர் மட்டும் வேற நிறம். ஒண்டில பச்சைக் கல்லு ஒண்டு, மலக்கைட், அதைத் தண்ணிப் போத்தலுக்குள்ள போட்டுக் குடிக்கச் சொல்லி எழுதியிருந்தவை. மலக்கைட்டில செம்பு இருக்கு, தண்ணிக்குள்ள போடவே கூடாது, நல்ல காலம் என்ர தம்பி ஜெம் வேலை செய்யிறவர், உடன தடுத்தவர். உங்கட சிட்ரைனும் அனேகமா அமெதிஸ்ட் எண்ட ஊதாக் கல்லைச் சூடாக்கி மஞ்சளாக்கினதாத்தான் இருக்கும், கடையில வாறதில கன பேர் அப்பிடித்தான் செய்யினம். வைச்சுப் பாக்க ஒரு குறையும் இல்லை, ஆனா அதுக்கெண்டு கூட விலை குடுக்காதேங்கோ.

நிப்பாட்டப் போகேக்க கவனம். இஞ்ச இங்கிலாந்தில ஒன்லைனில வாங்கினா பொதுவா 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே வேண்டாம் எண்டலாம், கெட்டுப்போற சாமான் மாதிரிச் சிலதுக்குத்தான் விலக்கு. எனக்கு அது தெரியாமல் நாலாவது பெட்டிக்கும் காசு எடுத்திட்டினம். நீங்கள் அடுத்த பெட்டிக்கு எந்தத் திகதி காசு வெட்டுவினம் எண்டு பாத்து, அதுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே போனில அலாரம் வைச்சுக்கொள்ளுங்கோ.

இன்னொரு விசயம், உங்கட மகளுக்குச் சொல்லுங்கோ. இப்ப விக்கா எண்டு சொல்லுற இந்த விட்ச் சமயத்தை ஊருக்குக் கொண்டு வந்த ஜெரால்ட் கார்ட்னர் எண்டவர், 1900இல இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில வேலை செய்தவர், பிறகு மலாயாவில சுங்க இலாகாவில இருந்தவர். இங்கிலாந்தில 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தை 1951இல நீக்கின பிறகுதான் அவர் வெளிப்படையாக் கதைக்கத் தொடங்கினவர். எங்கட தீவில கன காலம் இருந்திட்டுப் போன மனுசன் எண்டு அறிஞ்சாப் பிறகு எனக்கு அந்தப் பெட்டி மேல கொஞ்சம் பாசம் வந்தது உண்மை.

அடுத்த பெட்டி ஆகஸ்ட் 1க்கு வரும், லம்மாஸ் எண்டு, புதுக் கோதுமையில சுட்ட பாணை (பிரெட்டை) வைச்சுக் கொண்டாடுறது. அதுக்கு ரெண்டு நாள் தள்ளி என்ன வருது எண்டு கலண்டரைப் பாருங்கோ.

எடிசன்_மீனா, ஜூலை 6

வடிவு அக்கா!! ஆடிப்பெருக்கு! ஆகஸ்ட் 3! இது எப்படி எனக்குத் தோணாம போச்சு. கலந்த சாதம்தான் உலகத்துலயே நல்ல வெயில் சாப்பாடு, காலைல ஒரு தடவை சாதம் வடிச்சா போதும், எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, தயிர் சாதம், எல்லாமே ஆறித்தான் ருசி. அம்மாவும் இருப்பாங்க.

மாத்திரை_டப்பா, ஜூலை 6

ஆத்துக்கரைக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா ஒரே ஒரு வார்த்தை. 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல வெயில் இருந்தா சமைச்ச சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக் கூடாது, அதுக்குக் கீழன்னா ரெண்டு மணி. தயிர் சாதத்தையும் தேங்காய் சாதத்தையும் ஐஸ் பெட்டில வைங்க. புளியோதரை கொஞ்சம் தாங்கும், ஆனாலும் அதையும் பெட்டிலயே வச்சுடுங்க.

எடிசன்_மீனா, ஆகஸ்ட் 4

அப்டேட் போடறேன்.

லம்மாஸ் பெட்டி ஜூலை 30 வந்தது. ஒரு பை கோதுமை மாவு, ஒரு கோதுமைக் கதிர்க் கட்டு, மறுபடி ஒரு மெழுகுவர்த்தி, மறுபடி ஒரு மஞ்சக் கல்லு. வடிவு அக்கா சொன்னதேதான். பிரெட் ரெசிபி 450 டிகிரில 40 நிமிஷம் ஓவன்ல, இந்த வெயில்ல நான் அதைத் தொடவே இல்ல. மாவை அம்மா சப்பாத்திக்குப் பிசைஞ்சாங்க, தவால காலைல ஏழு மணிக்கே முடிஞ்சது.

பூண்டு எண்ணெய் மெயிலுக்குப் பதில் வந்தது, கார்டை மாத்தறோம்னு ரெண்டு வரி. ஏற்கனவே வாங்கினவங்களுக்குச் சொன்னாங்களான்னு பொண்ணு திருப்பி எழுதிக் கேட்டிருக்கா, அதுக்கு இன்னும் பதில் இல்ல. அதனால சப்ஸ்கிரிப்ஷனை அவளே நிறுத்திட்டா, நான் சொல்லல.

நேத்து டெலாவேர் ஆத்துக்கரைக்குப் போனோம். அஞ்சு மணிக்கு எழுந்து சாதம் வடிச்சு அகலமான தாம்பாளத்துல நல்லெண்ணெய் விட்டு ஆற வச்சு நாலு விதமா கலந்தேன். அம்மா எலுமிச்சை சாதத்துக்கு அந்த முதல் பெட்டில வந்த எலுமிச்சைத்தோல் உப்பைத்தான் போட்டாங்க, என்னம்மா இவ்வளவு வாசனையா இருக்குன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஆத்துக்கரைல அம்மா பொண்ணு கைல மஞ்சக்கயிறு கட்டினாங்க, பொண்ணு அந்தக் கோதுமைக் கதிர்ல ஒண்ணை உருவி அம்மா கைல குடுத்தா, அம்மா அதை வாங்கி என்ன ஏதுன்னு கேக்காம தலைப்புல முடிஞ்சுக்கிட்டாங்க. மெழுகுவர்த்தி காத்துல நிக்கல, மூணு தடவை ஏத்திப் பாத்துட்டு விட்டுட்டோம்.

சாந்தி, சுக்கினி கோசம்பரி வாரம் மூணு நாள் ஓடுது, உப்பு கடைசில போடச் சொன்னது உயிர் காத்தது. இப்போ ஜன்னல்ல பாட்டில் இருந்த இடத்துல ரோஸ்மேரித் தொட்டி ஒண்ணும் புதினாத் தொட்டி ஒண்ணும் இருக்கு, பொண்ணு அதுக்குத் தண்ணி ஊத்தறா. பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்த சுக்கினி இன்னும் ஆறு இருக்கு, பெருசு பெருசா. யாராவது மோர்க்குழம்புல போட்டிருக்கீங்களா, குழையாம நிக்குமா?

டல்லாஸ்_சாந்தி, ஆகஸ்ட் 4

நிக்கும்ங்க, பெருசா இருக்கறதுதான் நல்லது. விதைச் சதையை எடுத்துட்டு வெள்ளைப் பூசணிக்கு நறுக்கற மாதிரி தடியா நறுக்குங்க, தனியா அஞ்சே நிமிஷம் வேக வச்சுட்டு, குழம்பு இறக்கறப்போ சேருங்க.